வலியும் ஒரு சிறு மின்கருவியும்



தோளையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு நடமாடும் ஒருவர் உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். பெரும்பாலும் அவர் உங்கள் தாயாராகவோ துணைவியாராகவோ இருப்பார். எக்ஸ்ரே படத்தில் குறையில்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாக உள்ளது. உடனே வீட்டார், "எல்லாம் மனப்பிரமை" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு கொடியது, அறிவியலுக்கும் பொருந்தாதது.

1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாயில் உண்டு என்றனர். தொடு உணர்ச்சியைச் சுமந்து வரும் தடித்த நரம்புகள் தூண்டப்பட்டால், வலிச்செய்தி மூளைக்கு ஏறும் அவ்வாயில் ஒடுங்குகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துக்கொள்வது இதனால்தான். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது. 1967இல் வால், வில்லியம் ஸ்வீட்டுடன் சேர்ந்து, மெல்லிய மின்னோட்டத்தால் நரம்பைத் தூண்டி நாட்பட்ட வலியைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். 'டென்ஸ்' எனப்படும் கருவி இவ்வழியில் பிறந்ததே.

எண்ணம் மட்டும் மிகப் பழையது. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மூட்டுவாத நோயாளியை உயிருள்ள மின்திருக்கை மீன்மீது கால் வைக்கச் சொன்னார். பக்தாதில் பிறந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப், எகிப்தைப் பற்றிய தமது நூலில், தொட்டவர் கையை நடுங்கச் செய்யும் நைல் நதி மீனொன்றை வர்ணித்துள்ளார். அரபியில் அதன் பெயரே 'ரஆத்'. (அரபி பாடம் நடத்துபவனுக்கு இத்தகைய சொற்களை விட்டு நகர மனம் வருவதில்லை.)

ரிஹால்மீது குனிந்தே ஆண்டுகள் பல கழித்த எனக்கும் இடத்தோள் தசைகள் இறுகிப்போயின. இயன்முறை மருத்துவர் இரு ஒட்டுப்பட்டைகளைத் தோளில் பதித்துக் கருவியை இயக்கினார். எறும்புகள் ஊர்வது போன்ற உணர்ச்சி. வலி அகலவில்லை, சற்றே ஒதுங்கி நின்றது. கருவியை நிறுத்திய சிறிது நேரத்தில் திரும்பியது. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "ஒதுங்கி நிற்கும் அந்த நேரத்தில் கையை உயர்த்திப் பழகுங்கள் ஹஜ்ரத், அதற்காகத்தான் இது" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொருள் உண்டு. உடலெங்கும் தசைவலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயுற்ற சுமார் 300 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020இல் அச்சேறியது. நான்கு வாரங்கள் இக்கருவியை அணிந்து நடமாடியவர்களுக்கு, போலிக்கருவி அணிந்தவர்களைவிட, அசையும்போது எழும் வலி குறைந்திருந்தது. ஆயினும் கீழ்முதுகு வலிக்கு இதனை அளிக்க வேண்டாமென்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டியது. மருத்துவ உலகு இவ்வாறு பிளவுபட்டு நிற்கையில், "ஒரே வாரத்தில் பூரண குணம்" என்று இதனை விற்பவரை நான் நம்பமாட்டேன். அணிந்துகொண்டு படுத்திருப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. துணி உலர்த்தும்போதும், சற்று நடக்கும்போதும், மருத்துவர் கற்பித்த பயிற்சியின்போதும் அணிவதே முறை.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்புறத்திலும், கருவுற்ற பெண்ணின் வயிற்றிலும், புண்பட்ட தோலிலும் பட்டைகளை ஒட்டலாகாது. நீரிழிவால் கால் மரத்துப்போன பெரியவர்கள் நம் வீடுகளில் ஏராளம். மரத்த இடத்தில் மின்னோட்டம் மிகுந்துவிட்டால் அவர்களுக்கு அது தெரியாது.