முகவரியுள்ள எழுத்து

கொல்கத்தாவில், புத்தகக் கடைகளால் பெயர்பெற்ற கல்லூரித் தெருவை ஒட்டிய சந்துகளுள் ஒன்று டேமர் லேன். அங்கே ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில், சந்தீப் தத்தா என்னும் பள்ளி ஆசிரியர் 1978-ஆம் ஆண்டு ஒரு நூலகத்தைத் தொடங்கினார். சிற்றிதழ்களுக்கு மட்டுமேயான நூலகம் அது. தம் மாணவப் பருவத்தில், பெரிய நூலகம் ஒன்றில் சிற்றிதழ்கள் கழித்துவிடுவதற்காகக் குவிக்கப்பட்டிருந்ததைக் கண்ட ஆற்றாமையே தம்மை இப்பணியில் இறக்கியது என்று அவர் சொல்லிவந்தார். ஓரிரு இதழ்களோடு நின்றுபோனவை, ஆசிரியரின் நண்பர்களைத் தாண்டி எவர் கையையும் எட்டாதவை என்று எதையும் அவர் தள்ளவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவை அறிந்த தமிழ் வாசகருக்கு இத்தகைய மனிதரைப் புரிந்துகொள்வது கடினமன்று.

2023 மார்ச்சில் தத்தா மறைந்தார். செய்தி வந்த அன்று, கொல்கத்தாவில் வாழும் தமிழ் ஆய்வாளர் ஒருத்தி, டேமர் லேனுக்குத் தான் முதன்முறை போய்வந்த நாளில் எழுதியதைத் தேடினாள். 2010-இல் தன் வலைப்பதிவில் இட்டது. பதிவின் பக்கப்பட்டையில் ஆண்டையும் மாதத்தையும் சொடுக்கியதும் ஒரு நிமிடத்திற்குள் வந்துவிட்டது. அன்றைய பிழைகளோடும், அன்று வந்த பதினான்கு பின்னூட்டங்களோடும் அப்படியே இருந்தது. அந்த மகிழ்ச்சியில், 2014 செப்டம்பரில் சமூக வலைத்தளம் ஒன்றில் எழுதிய ஐந்து நீண்ட குறிப்புகளையும் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவை கிடைக்கவில்லை.

அவள் கொல்கத்தாவுக்கு வந்தது 2009-இல், ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறைக்கு. 1956-இல் அத்துறையைத் தொடங்கிய புத்ததேவ போஸ், 1935 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ‘கவிதா’ இதழை நடத்திய கவிஞர். சிற்றிதழாசிரியர் ஒருவர் நிறுவிய துறையில் வங்க, தமிழ்ச் சிற்றிதழ்களை ஒப்பிட்டு ஆராய வாய்த்ததில் அவளுக்குப் பெருமை உண்டு. ஆனால் பேச ஆள் இல்லை. வங்கம் இன்னும் நாவில் ஏறவில்லை. மாலை வேளைகளில் 8பி பேருந்து நிலையத்தருகே இருந்த இணைய மையத்தில் அமர்ந்து, எ-கலப்பையை நிறுவிக்கொள்ள உரிமையாளரிடம் இசைவு பெற்று, தமிழில் எழுதத் தொடங்கினாள். டிராம் வண்டியின் மெதுவான நடையைப் பற்றி, மீன் சந்தையில் விலை கேட்கத் தெரியாமல் நின்றதைப் பற்றி, துர்க்கை சிலை கரைக்கப்பட்ட மறுநாள் வெறுமையாய் நிற்கும் பந்தலைப் பற்றி.

2004-இல் தொடங்கப்பட்ட தமிழ்மணம் திரட்டி அன்று உயிர்த்துடிப்போடு இருந்தது. அதன் வழியே வந்த முகமறியா வாசகர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், சண்டையிட்டார்கள். ‘எழுத்து’ இதழின் சி.சு.செல்லப்பாவையும் புத்ததேவ போஸையும் ஒரே தட்டில் வைத்தது தவறு என்று ஒருவர் தொடங்கிய விவாதம் பதினொரு நாட்கள் நீண்டது. அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் உள்ள ஒரு பகுதி அந்தப் பின்னூட்டங்களின் கீழேதான் உருவாயிற்று. அடிக்குறிப்பில் அந்த இடுகையின் முகவரியைக் கொடுத்திருந்தாள். வாய்மொழித் தேர்வில் ஒருவர் அதைக் கண்டு புருவம் உயர்த்தினார். பிறகு திறந்து பார்த்துவிட்டு வேறு கேள்விக்குப் போனார்.

அதைப் பொற்காலம் என்று சொல்வதும் பிழை. ‘மொய்க்கு மொய்’ என்ற கணக்கில் பின்னூட்டம் எழுதிக்கொண்ட வட்டங்கள் இருந்தன. பெயரிலிகளின் வசை, பெண் பதிவர்களுக்கு மட்டும் இன்னொரு பங்கு கூடுதலாக வந்தது. கணினியும் தட்டச்சுப் பழக்கமும் உடையவர்களின் சிறு உலகம் அது. கையில் ஒரு திறன்பேசி மட்டுமே உடைய பல்லாயிரவரை எழுத வைத்தவை சமூக வலைத்தளங்களே. அவளுடைய தாயார் மகளின் எழுத்தை முதன்முறை படித்ததும் அங்கேதான்.

2011-இல் அவளும் அங்குப் போனாள். போகவேண்டும் என்று முடிவெடுத்துப் போனதில்லை. வலைப்பதிவில் இட்டதன் சுட்டியைப் பகிர்வதற்காகவே கணக்குத் தொடங்கினாள். சுட்டியைத் திறந்து படித்தவர் சிலர். சுட்டிக்கு மேல் எழுதிய இரண்டு வரி முன்னுரையைப் படித்து விருப்பக்குறி இட்டவர் பலர். முன்னுரை நான்கு வரியாயிற்று, பத்தியாயிற்று, முழுக் கட்டுரையாயிற்று. பிறகு சுட்டி தேவைப்படவில்லை. தமிழ் வலைப்பதிவர்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்த கதை ஏறத்தாழ இதுவே. இடையில் 2013 ஜூலையில் கூகுள் ரீடரும் மூடப்பட்டது. பிடித்த பதிவர்களைத் தேடிப் போகாமலே ஓடை வழியாகப் படித்துவந்த வாசகருக்கு இருந்த வசதியான வாசல் அது. இன்று வெளிச் சுட்டி வைத்தால் இடுகை பலர் கண்ணில் படாது என்ற அச்சத்தால், ‘சுட்டி முதல் பின்னூட்டத்தில்’ என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. தன் வீட்டுக்கு வழியைத் தானே ஒளித்துச் சொல்லவேண்டிய நிலை.

இவ்விடத்தில் கொல்கத்தா ஒரு பாடம் வைத்திருக்கிறது. வங்காளிகளின் ‘அட்டா’ தமிழகத்துத் திண்ணைப் பேச்சுக்கு நெருங்கிய உறவு. நோக்கமில்லாத, முடிவு தேடாத, நெடுநேர உரையாடல். தீபேஷ் சக்ரவர்த்தி 2000-இல் வெளியான தம் நூலில் அதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். ஆல்பர்ட் ஹால் காபி ஹவுஸின் மேசைகளில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுதும் பேசினார்கள். பேச்சு புகையோடு கலைந்தது. ஆனால் அதே மேசைகளிலிருந்து எழுந்துபோனவர்கள் சிற்றிதழ் நடத்தினார்கள். அட்டாவில் சொன்னதைச் செதுக்கி, அச்சுக்கோப்பவரிடம் கெஞ்சி, தேதியும் முகவரியும் போட்டு வெளியிட்டார்கள். அட்டா சிற்றிதழைக் கொல்லவில்லை, ஊட்டி வளர்த்தது. இரண்டும் வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்ததே அதற்குக் காரணம். மேசையை விட்டு எழுந்தால்தான் இதழ்.

சமூக வலைத்தளத்தில் மேசையும் அச்சகமும் ஒன்றாகிவிட்டன. நெடுநாள் உழைத்து எழுதிய கட்டுரையும் காலை உணவின் படமும் ஒரே ஓடையில், ஒரே எழுத்துருவில், ஒரே ஆயுளோடு ஓடுகின்றன. முகநூல் ஊட்டோடையை 2006-இலும் விருப்பக்குறியை 2009-இலும் கொண்டுவந்தது. நீண்ட எழுத்துக்கென்று அதுவே வைத்திருந்த ‘குறிப்புகள்’ வசதியை 2020 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டது. மக்கள் நீளமாக எழுதுவதை விட்டுவிட்டார்கள் என்று புலம்புவோர் உண்மையைப் பார்க்கவில்லை. இன்றும் நீளமாகத்தான் எழுதுகிறார்கள். அவ்வெழுத்துக்கு முகவரி இல்லை. இழப்பு அங்கே இருக்கிறது.

2014 செப்டம்பருக்கு வருவோம். பாலியல் துன்புறுத்தல் புகார் ஒன்றின் மீது நடுநிலையான விசாரணை கேட்டு ஜாதவ்பூர் மாணவர்கள் துணைவேந்தரை முற்றுகையிட்டிருந்தனர். 16-ஆம் தேதி நள்ளிரவு கடந்த பின் காவல்துறை வளாகத்துள் நுழைந்து அவர்களை அகற்றியது. மறுநாள் ‘ஹோக் கொலோரோப்’ என்ற தொடர், ‘எழட்டும் ஆரவாரம்’ என்று அதைத் தமிழாக்கலாம், வலைத்தளங்களெங்கும் பரவியது. வங்கதேசப் பாடகர் ஒருவரின் பாடல் தலைப்பிலிருந்து எடுத்த தொடர். 20-ஆம் தேதி கொட்டும் மழையில் பல்லாயிரம் மாணவர்கள் நந்தனிலிருந்து மேயோ சாலை வரை நடந்தனர். 2015 ஜனவரியில் துணைவேந்தர் விலகினார். வலைப்பதிவால் இப்படி ஓர் ஊர்வலத்தைத் திரட்டியிருக்க முடியாது. அதை மறுப்பது நன்றிகேடு.

அந்நாட்களில் அவள் இரவுதோறும் தமிழில் எழுதினாள். ஈரத் துணியைக்கூட மாற்றாமல் விடுதியறையில் அமர்ந்து எழுதிய ஐந்து குறிப்புகள். தமிழகத்தில் பலர் பகிர்ந்தார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி ஆர்குட் மூடப்பட்டது. ஒருகாலத்தில் இந்திய மாணவர்களின் முதல் சமூக வலைத்தளம் அது. 2004-இல் தொடங்கிப் பத்தே ஆண்டுகள் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோதும் தன் குறிப்புகளைப் படியெடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆவணக் காப்பகங்களில் உழல்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருத்திக்கு!

கணக்கு போனதற்கு யாரையும் குறைசொல்ல வழியில்லை. வேறொரு சேவைக்கு மாறியபோது பழைய கைபேசி எண்ணை அவளே கைவிட்டிருந்தாள். சில ஆண்டுகளுக்குப் பின் கணக்கு பூட்டப்பட்டது. திறப்பதற்கான குறியெண் அந்த எண்ணுக்கே போயிற்று. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினாள். 1996-இல் தொடங்கப்பட்ட அக்காப்பகத்தில் அவளுடைய வலைப்பதிவின் பழைய தோற்றங்கள்கூட இருந்தன. கடவுச்சொல்லின் பின்னே நண்பர்களுக்கு மட்டும் என்று இட்ட குறிப்புகளை எந்தக் காப்பகம் படியெடுக்கும்? நண்பர்களுக்கு மட்டும் என்று இட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2012 ஏப்ரலில், முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைதுசெய்யப்பட்டிருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2015 மார்ச்சில். அப்பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட்டதோ 2023-இல். இடைப்பட்ட காலத்தில் எழுதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்கள். சாத்திய கதவு எழுதியவரைக் காத்தது. எழுத்தை வெளியுலகில் ஒருவரும் காக்க முடியாமலும் செய்தது.

வலைப்பதிவு மட்டும் நிலையானதா என்ற கேள்வி நியாயமானது. யாஹூ 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியபோது கணக்கற்ற தனிமனிதப் பக்கங்கள் அழிந்தன. பிளாக்கர் 2003 முதல் கூகுளின் உடைமை. அதுவும் ஒருநாள் மூடப்படலாம். வேறுபாடு சிறியது, ஆனால் முக்கியமானது. வலைப்பதிவு முழுவதையும் பின்னூட்டங்களோடு ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு, வேறோர் இடத்தில் அதே வரிசையில் மீண்டும் நிறுத்திவிடலாம். சமூக வலைத்தளங்களும் தரவை இறக்கிக்கொள்ள இடம் தருகின்றன. கைக்கு வருவது தன் பேச்சு மட்டுமே. மற்றவர்கள் தந்த பதில்கள் அவரவர் கணக்கில் கிடக்கும். உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் இரண்டாம் இயல் எழுத முடியாது.

ஆகவே வலைப்பதிவின் எதிர்காலம் கூட்டம் திரும்பி வருவதில் இல்லை. கூட்டம் வராது. கொல்கத்தாவின் ‘குருசண்டாளி’ 2004-இல் இணைய இதழாகத் தொடங்கி, பின்னர் அங்கே வந்தவற்றை மெலிந்த, மலிவு விலை நூல்களாக அச்சிட்டுப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. சமூக வலைத்தளத்தை வாசகரைக் கூப்பிடும் தெருவாகவும், தன் தளத்தைச் சரக்கு வைக்கும் அறையாகவும் பிரித்துக்கொள்ளும் வழி இது. மின்னஞ்சல் மடல்களில் எழுதுவோரும் இதையே வேறு பெயரில் செய்கிறார்கள். சிற்றிதழுக்கு என்றும் முந்நூறு வாசகர்தாம். ‘கவிதா’வுக்கும் ‘எழுத்து’க்கும் அந்தக் குறை இருந்தது. தேடி வந்தவருக்குச் சிற்றிதழ்கள் டேமர் லேனில் கிடைத்தன என்பதே பேச்சு.

ஐந்து குறிப்புகளுள் ஒன்று கடைசியில் கிடைத்தது, இணையத்தில் அல்ல. லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் ஒரு வீட்டில் பொங்கலன்று அவளுக்கு எப்போதும் இலை போடுவார்கள். அவ்வீட்டுப் பெரியவர் அவளுடைய இடுகை எதற்கும் விருப்பக்குறிகூட இட்டதில்லை. 2024 பொங்கலன்று பேச்சுவாக்கில் இழப்பைச் சொன்னபோது, உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்தார். திரையில் படிக்க முடியாத மனைவிக்காக, மூன்றாம் குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தார். தாளின் மூலையில் பென்சிலால் 21.9.14 என்று எழுதியிருந்தது.

“உன்னுடையதுதானே அம்மா, நகல் எடுத்துக்கொள். தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு” என்றார்.

அன்றிரவு அதைத் தன் பழைய வலைப்பதிவில் தட்டச்சு செய்தாள். இடுகைக்கு எந்தத் தேதியையும் கொடுக்கலாம். 2014 செப்டம்பர் 21 என்று இட்டால் வரிசையில் தன் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். சிறிது நேரம் யோசித்தாள். அன்றைய தேதியையே இட்டு, மூலம் எங்கே எழுதப்பட்டது, யார் வீட்டுத் தாளிலிருந்து படியெடுக்கப்பட்டது, தேதிக்குச் சான்று பென்சில் குறிப்பு மட்டுமே என்பதை மேலே மூன்று வரியில் எழுதினாள். பக்கப்பட்டையில் 2011-க்கு மேலே 2024 தோன்றியது, அடைப்புக்குறிக்குள் ஒன்று என்ற எண்ணோடு. தாளை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.