குப்பைக்குள் தமிழ்

தேவையற்ற மின்மடலைத் தமிழில் எரிதம் என்பர். எதை எரிப்பது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே நம் வினா.

ஒருங்குறி பரவுமுன் நாம் திஸ்கியில் எழுதினோம். அதில் தமிழெழுத்துகள் 127க்கு மேற்பட்ட எண்களில் அமைந்தவை. 2001இல் வெளிவந்த ஸ்பேம் அசாசின் போன்ற வடிகட்டிகள், தலைப்பில் அத்தகைய எழுத்துகள் குறியேற்ற அறிவிப்பின்றி மிகுந்திருந்தால் ஐயப்புள்ளி இட்டன. மொத்தப் புள்ளி 5ஐ எட்டினால் மடல் எரிதமாகக் கருதப்பட்டது. 2002இல் பால் கிரகாம் விளக்கிய பேயீசிய முறையோ, பயனர் பிரித்துக் காட்டிய மடல்களிலிருந்து சொற்களின் நிகழ்தகவைக் கற்பது. ஆங்கிலமே கற்ற வடிகட்டிக்குத் தமிழ் அயலார்தான்.

2023இல் ஆய்வு மாணவி ஒருவர், தரமணியின் ரோஜா முத்தையா நூலகத்தில் பல மாதங்கள் தேடி எழுதிய இயலைத் தமிழ்த் தலைப்பிட்டு எங்கள் துறைக்கு அனுப்பினார். பல்கலைக்கழக வடிகட்டி அதைக் குப்பையில் இட்டது. மூன்று வாரம் எங்கள் மௌனத்தை அவர் மறுப்பென்றே கொண்டார். ஆய்வையே கைவிட எண்ணினார்.

இப்போது வாரந்தோறும் குப்பைக் கோப்புறையைத் திறந்து, தமிழ் மடல்களைக் 'குப்பையன்று' எனக் குறித்து வருகிறோம். களையெடுப்போர்க்குப் பயிரை அடையாளம் காட்டுவது பயிரிட்டோர் கடன். நண்பர்களே, உங்கள் கோப்புறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். யாரேனும் மறுமொழிக்குக் காத்திருக்கலாம்.