தாழிட்ட கதவு



எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு என் மகள் இட்ட பெயர் முயெஸ்ஸா. நபி (ஸல்) அவர்கள் வளர்த்த பூனையின் பெயர் என்று எங்கோ படித்திருக்கிறாள். அதற்கு நம்பத்தகுந்த அறிவிப்பு எதுவும் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பொருள்களெல்லாம் இடம் மாறின, வேலையாட்கள் வந்துபோயினர். அந்த வாரத்தில் ஒருநாள் அஸர் தொழ நின்றபோது விரிப்பின் ஓரத்தில் ஈரம் கண்டேன். பூனை வாய்வைத்த தண்ணீர் தூய்மையானதே. அதன் சிறுநீரோ நஜீஸ். விரிப்பைக் கழுவிக் கொடியில் இட்டேன். மஃரிபுக்குள் இன்னோர் இடத்திலும் சில துளிகள். சினம் பொறுக்காமல் பூனையைத் தூக்கிச் சென்று கொல்லைப்புறச் சாமான் அறையில் விட்டுக் கதவைத் தாழிட்டேன். தண்ணீரும் மீனும் வைத்திருக்கிறேன் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

இரவெல்லாம் அது கத்தியது. "வாப்பா, வலியிலே கத்துற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"பிடிவாதம்மா. காலையிலே சரியாயிடும்" என்றேன்.

ஸுப்ஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தேன். மீன் வைத்தபடியே இருந்தது. பூனை மூலையில் குந்தி முக்கியது. ஒரு துளியும் வரவில்லை. பின்புறத்தை நக்கியது, மீண்டும் முக்கியது. அடிவயிற்றைத் தொட்டபோது உள்ளே எலுமிச்சம்பழம் போல் ஏதோ இறுகியிருந்தது. ஈராண்டுகளுக்கு முன் இரண்டு குட்டிகளை வாந்தியும் பேதியுமாக ஒரு வைரஸ் நோய்க்குப் பறிகொடுத்திருந்தோம். அதுவே திரும்ப வந்துவிட்டதென்று என் துணைவியார் கலங்கினார்.

எங்கள் ஊரில் ஆடுமாடுகளுக்கு மருத்துவம் உண்டு. பூனைக்குச் சிறுநீர்க்குழாய் செலுத்தத் திருநெல்வேலிக்குத்தான் செல்ல வேண்டும். அங்கிருந்த மருத்துவர் வயிற்றைத் தொட்டதுமே, இது வைரஸ் அன்று, சிறுநீர்ப் பாதை அடைப்பு என்றார். ஆண் பூனைக்கு அப்பாதை மிகக் குறுகல். மணல் போன்ற படிகங்களும் சளியும் திரண்டு அடைத்துவிடும். அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாள்களே அவகாசம்.

"கடைசியா எப்போ சிறுநீர் போச்சு, பாய்?" என்று கேட்டார். இரவு அறையில் அடைத்ததைச் சொல்ல நேர்ந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை, எழுதிக்கொண்டார்.

மயக்க ஊசி, குழாய், சலைன் என்று மூன்று நாள்கள் கழிந்தன. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துபவன் நான். 'நீ உணவு வைத்தாயே' என்று நஃப்ஸ் வாதாடியது. தாழிட்ட கை என்னுடையதுதானே?

இந்நோய்க்கும் வைரஸே காரணமோ என்று ஆராய்ச்சியாளர்கள் முன்பு ஐயுற்றதுண்டாம், அது உறுதிப்படவில்லை. பெரும்பாலான பூனைகளில் காரணமே புலப்படுவதில்லை, மனக்கலக்கத்துக்கு அதில் பங்குண்டு என்றார் மருத்துவர். வெள்ளையடித்த வாரம் என் நினைவுக்கு வந்தது. குட்டிகளைக் கொன்ற வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு, இதற்கு இல்லை. அந்த வைரஸ் வீட்டுத் தரையில் ஓராண்டுவரைகூட அழியாமல் கிடக்கும் என்றும், ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும் என்றும் அப்போதுதான் அறிந்தேன்.

ஆண் பூனை வளர்க்கும் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். கண்ட இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கழிப்பதும், ஓடி ஓடிச் சென்று முக்குவதும் சேட்டையன்று. மலச்சிக்கல் என்றெண்ணி எண்ணெய் புகட்டிப் பொழுதைக் கடத்தவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தராவீஹ் தொடங்கிய இரவில் முயெஸ்ஸா வீடு திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். உலர் தீனியைக் குறைத்து, வேகவைத்த மீனைச் சாற்றோடு கொடுக்கிறோம். மூன்று இடங்களில் தண்ணீர் வைத்திருக்கிறோம். அதுவோ என் வுளூ வாளியையே நாடுகிறது. அபூகதாதா (ரலி) அவர்கள் பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி நம்மிடம் இருக்கிறது. ஸுப்ஹு வேளையில் அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து வுளூச் செய்கிறேன். சாமான் அறைப் பக்கம் மட்டும் அது இன்னும் போவதில்லை.