கடைசி இடத்துக்குப் பட்டா கிடையாது

 

ஒரு டீம் வரிசையாக எத்தனை மேட்ச் தோற்கலாம்? மூணு? அஞ்சு? அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக டீம் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 மேட்ச் தோற்றது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நம்ம பள்ளி கோ-கோ டீமில் இருக்கிறவள். தோற்றுவிட்டு பஸ் ஏறும்போது மனசு எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவர்கள் ஆடுவது நம்ம ஊர் கால்பந்து இல்லை. பேர் ஃபுட்பால்தான். ஆனால் முட்டை மாதிரி நீளமான பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நமக்குக் குறுவட்டம் இருக்கிற மாதிரி அங்கே கல்லூரிகள் குழுவாகச் சேர்ந்து ஆடும். அதற்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். நார்த்வெஸ்டர்ன் இருப்பது 'பிக் டென்' கான்ஃபரன்ஸில். பேரில் பத்து இருந்தாலும் 1995-ல் அதில் 11 டீம்கள்!

1992-ல் கேரி பார்னெட் கோச்சாக வந்தார். வந்ததும் ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் மூன்று வருஷமும் ஜெயித்ததை விடத் தோற்றதே அதிகம். 1995-ல் முதல் மேட்ச், பேர்பெற்ற நோட்ர டாம் டீமோடு. ஜெயித்த பிறகு தன்னைத் தோளில் தூக்கக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே பார்னெட் சொல்லிவிட்டாராம். என்ன நம்பிக்கை பாருங்க! 17-15 என்று ஜெயித்தார்கள். அடுத்த மேட்சிலேயே ஓஹியோவின் மயாமி டீமிடம் 30-28 என்று தோற்றார்கள். நானாக இருந்தால் "பழைய கதைதான்" என்று உட்கார்ந்திருப்பேன். அவர்கள் உட்காரவில்லை. மிச்சிகனை 19-13, பென் ஸ்டேட்டை 21-10 என்று வென்று, பிக் டென்னில் 8-க்கு 8 ஜெயித்தார்கள்.

கான்ஃபரன்ஸ் பட்டியலில் குழுவுக்குள் ஆடிய மேட்ச் மட்டும்தான் சேரும். மயாமி வெளி டீம். அதனால் அந்தத் தோல்வி அதில் இல்லை. ஆனால் ஓஹியோ ஸ்டேட்டும் தோற்காமலே வந்தது. இரண்டு டீமுக்கும் அந்த வருஷம் மேட்ச் கிடையாது. சமமாக முடிந்திருந்தால், மயாமி தோல்வியால் ரோஸ் பவுல் வாய்ப்பு ஓஹியோ ஸ்டேட்டுக்கே போயிருக்கும். நவம்பர் 25 அன்று மிச்சிகன் ஓஹியோ ஸ்டேட்டை 31-23 என்று வீழ்த்தியது. நார்த்வெஸ்டர்ன் தனி முதலிடம்! 1949-க்குப் பிறகு முதன்முறையாக ரோஸ் பவுலுக்குப் போனது. 1996 ஜனவரி 1-ல் அங்கே யு.எஸ்.சி.யிடம் 41-32 என்று தோற்றது. ஆனாலும் பிக் டென் முதலிடம் அவர்களுடையதுதான்.

நான் யோசித்தது இதுதான். 34 மேட்ச் தோற்றவர்கள் வேறு, 1995-ல் ஜெயித்தவர்கள் வேறு. தோற்றவர்கள் டீமைக் கலைத்திருந்தால், ஜெயிக்க வந்தவர்களுக்கு டீமே இருந்திருக்காது. கடைசி இடத்துக்கு யாரும் பட்டா எழுதி வைக்கவில்லை.

இந்த வருஷம் குறுவட்டத்துக்குக் கோ-கோவில் பேர் கொடுக்க வேண்டாம், எப்படியும் முதல் ரவுண்டில் தோக்கப் போறோம் என்று சிலர் சொல்கிறார்கள். தோற்கலாம். ஆனால் இப்ப ஆறாவது படிக்கிற பிள்ளைங்க ஒன்பதாவது வரும்போது ஆட ஒரு டீம் இருக்கணும் இல்லையா?

களத்தில் இறங்க 9 பேர் வேணும். ஏழு பேர் இருக்கிறோம். மிச்சம் ரெண்டு பேர் யாரு? சாயங்காலம் வேப்பமரத்தடிக்கு வாங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி