சிரஞ்சீவிப் பை

கொல்லையில் வாழைக் கன்று நடுவதற்குக் குழி வெட்டியபோது பாலிதீன் பை ஒன்று அகப்பட்டது. அதில் பெயர் அச்சிட்டிருந்த ஜவுளிக் கடையை மூடி இருபது வருஷமாகிறது. கடை போய்விட்டது, பை மட்டும் சிரஞ்சீவியாக இருக்கிறது!

இந்தப் பாலிதீனின் ஜன்ம விருத்தாந்தம் விசித்திரமானது. 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு ரசாயன நிபுணர்கள் எதிலீன் வாயுவைக் கடும் அழுத்தத்துக்கு உள்ளாக்கினார்கள். அவர்கள் சற்றும் எதிர்பாராத விதமாக, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று கிடைத்தது. பூத்தொடுப்பது போல, வாயுவின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நீண்ட சரங்களாகியிருந்தன. மல்லிகைச் சரம் மாலைக்குள் வாடும். இந்தச் சரத்தையோ மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்க முடிவதில்லை. வெயில் பட்டுப் பட்டுப் பொடியாக நொறுங்கும். அந்தப் பொடி மண்ணிலும் கடலிலும் மீனின் வயிற்றிலும் போய்ச் சேரும்.

இதற்காக அதன் உறுதியைப் பழிப்பது நியாயமன்று. அதே பாலிதீனால் செய்த தண்ணீர்க் குழாய் நெடுங்காலம் உழைத்தால் மகிழ்ச்சியே அடைகிறோம். கால் மணி நேரம் கத்தரிக்காய் சுமப்பதற்கு, தலைமுறை தாண்டி நிற்கும் பொருள் எதற்கு என்பதே கேள்வி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இத்தகைய பைகளுக்குத் தடை இருக்கிறது. ஆனால், வெறுங்கையை வீசிக்கொண்டு கடைக்குப் புறப்படும் வழக்கத்துக்குத் தடை போட வேண்டியவர்கள் நாமே அல்லவா?