தாஃபென் சந்தில் ஒரு தாத்தா

சீனாவின் ஷென்ஜென் நகரில் தாஃபென் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால், தூரிகை பிடித்த பிரம்மாண்டமான கை ஒன்று ஊர் வாசலில் நிற்கிறது. உள்ளே கால் வைத்ததுமே ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசம். 1989-இல் ஹுவாங் ஜியாங் என்ற ஹாங்காங் ஓவிய வியாபாரி சில ஓவியர்களோடு இங்கே வந்து கடை விரித்தார். அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தக் கிராமம் ஆயிரக்கணக்கான ஓவியர்களின் ஊராகிவிட்டது. வான்கோவின் சூரியகாந்திகளை வரைந்து வரைந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். 2008 பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டு ஆர்டர்கள் சரிந்தபின் உள்ளூர் வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று.

நான் போனது அந்த வான்கோ நகல்களைப் பார்க்கத்தான். ஆனால் என் கால்கள் நின்றது ஒரு சந்தில். எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து வழிவிட வேண்டும், அவ்வளவு குறுகல். இங்கே சுவரைக்கூட வாடகைக்கு எடுத்து, அதில் கான்வாஸை மாட்டி வரைகிறார்கள். நடுவயதுப் பெண் ஓவியர் ஒருவர், கான்வாஸின் ஓரத்தில் கைபேசியைச் செருகி வைத்து வரைந்துகொண்டிருந்தார். அதில் இருந்தது எவரும் வைத்துக்கொள்ளாத ஒரு படம்: கை ஆடி மங்கிப்போன சாயங்காலம், முதுகு காட்டி நடக்கும் முதியவர், மூலையில் லென்ஸை மறைத்த விரலின் சிவப்பு.

பக்கத்தில் நின்றிருந்த கல்லூரி வயதுப் பெண், மொழிபெயர்ப்புச் செயலி வழியே சொன்னாள். முதியவர் அவளுடைய தாத்தா. படம் சரியில்லை என்று நீக்கிவிட்டாளாம். நீக்கிய படத்தை அவளுடைய போன் 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் தாத்தா போய்விட்டார். ஓடிப்போய் மீட்டெடுத்திருக்கிறாள்.

தாத்தாவின் சட்டை படத்தில் வெறும் இருட்டாக இருந்தது. "நீலமா, சாம்பலா?" என்று ஓவியர் கேட்டார். துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம் என்றாள் பேத்தி. அல்ட்ராமரீன் நீலத்தில் துளி பழுப்பைக் குழைத்து, வெள்ளை சேர்த்து, சட்டையின் தோளில் ஒரு தீற்று. அவள் தலையசைத்தாள். அடுத்து, விரலை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம், அது என் விரல்."

ஓவியர் சிரிக்கவில்லை. சிவப்பையும் காவியையும் கலந்து, வெளிச்சம் ஊடுருவிய அந்த விரலை மூலையில் பொறுமையாக வரைந்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. தாஃபென்காரர்களை நகல் எடுப்பவர்கள் என்று இளக்காரமாகப் பேசுவதை இனி என்னால் ஏற்க முடியாது. ஒரு நொடியில் கேமரா பதிந்ததை, அங்குலம் அங்குலமாக விசாரித்து அறிந்தல்லவா அந்தப் பெண்மணி வரைகிறார்!

எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும். காய்ந்தபின் சுருட்டிக் குழாயில் போட்டுக் கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். தாஃபென் போகிறவர்கள் சுவரோரத்து ஓவியர்களிடம் போய் நில்லுங்கள். அதுவரை கைபேசியின் குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள்.