ஆயி மண்டபம்

புதுவையில், 1826இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் நீரூற்றுகள் கண்ணுக்கு விருந்து; அவ்வளவே. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபமோ நம்மை நிறுத்தி வைக்கிறது. கோயில் என்று எண்ணிக் கைகூப்புவோரையும் கண்டிருக்கிறோம். அது ஒரு தாசியின் நினைவிடம்.

விளக்கொளியில் திகழ்ந்த அவள் மாளிகையைக் கோயிலெனக் கருதி வணங்கிய விஜயநகர வேந்தர், உண்மையறிந்து வெகுண்டு, அதனை இடிக்கப் பணித்தாராம். ஆயியோ, "நானே இடிக்கிறேன்" என்று வேண்டி, அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். வழிவழி வந்த கதை. வரலாறு எவ்வளவென்று அறிஞர் ஆராயட்டும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லமரேஸ் என்னும் பொறியாளர் முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொணர்ந்தார். அதன் நினைவாக எழுந்ததே இம்மண்டபம். ஆயினும் மன்னர் பெயரன்று, அவள் பெயரே நிலைத்தது. புதுவை அரசின் சின்னத்திலும் இம்மண்டபமே விளங்குகிறது.

பிள்ளைச்சாவடிச் சிறுவர் சிலரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். 'தாசி' என்ற சொல்லைப் பிள்ளைகள் முன் சொல்லலாமா என உடன்வந்த பெரியவர் முகம் சுளித்தார். சொன்னோம். ஒரு சிறுமி மட்டும், "சாமி, வீட்டை இடிச்ச பிறகு அவங்க எங்கே தங்கினாங்க?" என்றாள். கடலரிப்பில் வீடிழந்தோர் வாழும் கரையில் பிறந்தவள் அவள். கதையில் அதற்கு விடை இல்லை.